ஒளிரும் ஆன்டிபாடியா, பழுப்புச் சாயமா? அம்மாவின் கழுத்துக் கட்டிக்கு எது பெயர் சொல்லும்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. இரண்டு மாதமாகக் கழுத்தின் இடப்பக்கம் நெறி கட்டியிருக்கிறது. முதலில் ஊசியால் உறிஞ்சிப் பார்த்துப் புற்றுச் செல்கள் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு தடித்த ஊசியால் பயாப்ஸி எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில், ‘எந்தத் திசுவிலிருந்து வந்தது என்ற அடையாளம் இல்லாத புற்றுக்கட்டி; வகையை அறிய ஐ.எச்.சி. தேவை’ என்று மட்டும் இருக்கிறது. இப்போது டாக்டர் ஒரு நெறியை முழுதாக எடுக்க வேண்டும், அதில் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். பயோடெக்னாலஜி படிக்கும் என் சித்தப்பா மகன், வெளிநாட்டில் ஒளிரும் ஆன்டிபாடிகளை வைத்துப் படம் எடுக்கிறார்கள், ஒவ்வொரு கட்டியும் ஒவ்வொரு நிறத்தில் மின்னும், இங்கே இன்னும் பழைய பழுப்புச் சாயம்தான் என்று சொல்லி போனில் படங்களும் காட்டினான். முதல் ரிப்போர்ட் எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லையா? அந்த ஒளிரும் சோதனைக்காக அம்மாவை மும்பைக்கு அழைத்துப் போகட்டுமா? திரும்பத் திரும்பக் கத்தி வைத்தால் பரவிவிடாதா? வைத்தியம் தொடங்காமலே நாள் போகிறதே என்று இரவில் தூக்கம் வரவில்லை.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை எழுதுவதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. நான் நோயியல் மருத்துவர். நோயாளியைப் பெரும்பாலும் பார்க்காமல், அவர் உடம்பிலிருந்து வந்த சின்னத் துண்டை மட்டும் பார்ப்பவர். அதனால் நீங்கள் கேட்டதில் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவை மும்பைக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. உங்கள் டாக்டர் சொன்ன இரண்டாவது பயாப்ஸிக்கு இந்த வாரமே சம்மதியுங்கள். உங்கள் தம்பி தேடிக்கொண்டிருக்கும் ஒளிரும் ஆன்டிபாடி வேறெங்கும் இல்லை. செல்களைத் தனித்தனியாகப் பிரித்து லேசரில் ஓட்டிப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலேயே அது இருக்கிறது.

முதல் ரிப்போர்ட் எழுதியவர் மேல் உங்களுக்குக் கோபம். அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது குறையும். பயாப்ஸித் துண்டை, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவுகிறோம். ஒரு மில்லிமீட்டரில் முந்நூறு சீவல் எடுக்கலாம், அவ்வளவு மெல்லியது. அதில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக வழக்கமான சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். குடலில் பிறந்த கட்டி குடல் சுரப்பியைப் போல வட்டம் கட்டி நிற்கும். தோலிலிருந்து வந்தது கெரட்டின் என்ற புரதத்தை முத்துப்போல உருட்டி வைத்திருக்கும். பிறந்த இடத்தின் சாயல் இருக்கும்வரை சாதாரண சாயமே போதும், பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

சில கட்டிகள் அந்தச் சாயலை முற்றிலும் தொலைத்துவிடும். பெரிய பெரிய செல்கள், நியூக்ளியஸின் நடுவில் எடுப்பாகத் தெரியும் நியூக்ளியோலஸ் என்ற புள்ளி, எந்த வரிசையும் இல்லாமல் தாள் விரித்ததுபோலப் பரவிக் கிடக்கும். கழுத்து நெறியில் இப்படிப் பார்த்தால் என் மனதில் குறைந்தது மூன்று பெயர்கள் ஓடும். நெறியிலேயே பிறந்த லிம்போமாவாக, அதாவது வெள்ளையணுப் புற்றாக இருக்கலாம். மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே இருக்கும் பகுதியின் மேற்படலத்தில் பிறந்து கழுத்துக்கு இறங்கிய கார்சினோமா என்ற வகையாக இருக்கலாம். எங்கோ ஒரு மச்சத்தில் தொடங்கிய மெலனோமாவாகவும், அதாவது நிறமிச் செல்களின் புற்றாகவும் இருக்கலாம். மூன்றும் இந்தச் சாயத்தில் உடன்பிறந்தவை போலவே தெரியும். 1980களில் ஆன்டிபாடிச் சோதனை பரவலானபோது, அதுவரை கார்சினோமா என்று எண்ணிய பல கட்டிகள் உண்மையில் லிம்போமா என்று தெரியவந்தது. கண் பழகியவர்களும் ஏமாந்த இடம் இது. உங்கள் ரிப்போர்ட்டை எழுதியவர் ஊகித்து ஒரு பெயரைப் போடாமல், ‘ஐ.எச்.சி. தேவை’, அதாவது பழுப்புச் சாய ஆன்டிபாடிச் சோதனை தேவை, என்று நிறுத்தினார். நான் அதை மதிக்கிறேன்.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அந்த மூன்றுக்கும் வைத்தியம் மூன்று திசையில் போகும். பெரிய செல் பி-வகை லிம்போமா என்றால் கீமோவோடு ரிட்டுக்ஸிமாப் ஊசி. பரவியிருந்தாலும் பாதிக்கும் மேற்பட்டவர்கள் முழுதாகக் குணமாகிறார்கள். மூக்கின் பின்புறக் கார்சினோமா என்றால் கதிர்வீச்சுதான் பிரதானம், பெரும்பாலும் கூடவே கீமோ. மெலனோமா என்றால் இந்த இரண்டுமே முதல் மருந்து அல்ல. தவறான பெயரோடு ‘சீக்கிரம்’ தொடங்கிய வைத்தியத்தில் போகும் நாட்கள்தான் உண்மையிலேயே வீணான நாட்கள்.

சரி, ஆன்டிபாடிக்கு வருகிறேன். கிருமி நுழைந்தால் உடம்பு அதற்கென்று ஒரு எதிர்ப்புப் புரதம் செய்யும், அதுதான் ஆன்டிபாடி. ஒரு ஆன்டிபாடி ஒரே ஒரு புரதத்தைத்தான் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். எலியையோ முயலையோ கொண்டு, நமக்கு வேண்டிய புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தயாரிக்கலாம். 1975ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடிகளை அளவில்லாமல் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1984ல் அதற்கு நோபல் பரிசு. எங்கள் லேப் ஃப்ரிட்ஜில் இருக்கும் சின்னக் குப்பிகளில் பல அந்த வழியில் வந்தவை.

புற்றுச் செல் உருவத்தை இழந்தாலும், பிறந்த இடத்துப் புரதங்களில் சிலவற்றைப் பெரும்பாலும் விடாது. கார்சினோமா, நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் குடும்பத்துப் புரதத்தை உள்ளே வைத்திருக்கும். லிம்போமாவில் பெரும்பாலானவை எல்.சி.ஏ. என்ற வெள்ளையணுப் புரதத்தை வெளிச்சுவரில் வைத்திருக்கும். மெலனோமாவில் எஸ்-100, சாக்ஸ்-10. ஆகவே ஒவ்வொரு சீவல் மேலும் ஒரு ஆன்டிபாடியை விட்டு, எது ஒட்டுகிறது என்று பார்க்கிறோம். ஒட்டியதைக் கண்ணுக்குக் காட்ட ஒரு அடையாளம் வேண்டும் அல்லவா? ஒளியா, பழுப்பா என்ற கேள்வி இந்த அடையாளத்தைப் பற்றியது மட்டுமே. ஆன்டிபாடி இரண்டிலும் அதேதான்.

ஒளிதான் மூத்தது என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க டாக்டருக்கு 1939ல் பெர்லினுக்குப் போயிருந்தபோது ஒரு யோசனை வந்தது. ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைக் கோத்துவிட்டால், அது போய் ஒட்டும் இடத்தை மைக்ரோஸ்கோப்பிலேயே பார்க்கலாமே என்று. ஹார்வர்டில் சில வேதியியலாளர்களோடு சேர்ந்து 1941ல் செய்தும் காட்டினார். முதலில் அவர்கள் பயன்படுத்திய சாயம் நீலமாக ஒளிர்ந்தது. திசுவோ இயல்பாகவே நீலச்சாயலில் கொஞ்சம் ஒளிரும்; எது சாயம், எது திசு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால் பச்சையாக ஒளிரும் ஃப்ளுரசீனுக்கு மாறினார்கள். இன்றும் எங்கள் லேப்களில் அதிகம் புழங்குவது அதன் வாரிசுதான். சுமார் 495 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கிக்கொண்டு, சுமார் 520ல் பச்சையாகத் திருப்பித் தரும்.

பழுப்பு வந்தது அதற்கு கால் நூற்றாண்டு கழித்து. 1966 வாக்கில் நகானேயும் பியர்ஸும் சாயத்துக்குப் பதிலாக பெராக்ஸிடேஸ் என்ற நொதியை ஆன்டிபாடியோடு இணைத்தார்கள். அந்த நொதி ஒரு ரசாயனத்தைப் பழுப்பு வண்டலாக மாற்றி, இருந்த இடத்திலேயே படிய வைக்கும். ஐ.எச்.சி. என்று எழுதுவது இதைத்தான்.

மூத்த முறையை விட்டு நாங்கள் ஏன் இளையதற்குப் போனோம்? கூன்ஸுக்கு வந்த அதே தொல்லை, பெரிய அளவில். ஃபார்மலினில் ஊறிய திசுவில் சிவப்பணு ஒளிரும், நார்த்திசு ஒளிரும், வயதான செல்களில் சேரும் நிறமி ஒளிரும். இருட்டில் இவ்வளவும் மினுங்கும்போது பலவீனமான உண்மையான ஒளி அதில் கரைந்துவிடும். இரண்டாவது, ஒளிரும் ஸ்லைடில் செல்லின் முழு உருவம் தெரியாது. சாயம் ஒட்டிய இடம் மட்டும்தான் தெரியும். பழுப்பு முறையில் நீலநிற நியூக்ளியஸ் பின்னணியில் இருப்பதால், பழுப்பானது புற்றுச் செல்லா, பக்கத்தில் இருக்கும் அப்பாவி வெள்ளையணுவா என்று ஒரே பார்வையில் தெரியும். நெறியில் இது உயிர்நாடியான விஷயம், ஏனென்றால் அங்கே அக்கம்பக்கம் முழுக்க வெள்ளையணுக்கள்தான்.

மூன்றாவது காரணத்தை நான் கண்ணால் காணும் நாட்கள் உண்டு. சிறுநீரக பயாப்ஸிக்கு இன்றும் ஒளிரும் ஆன்டிபாடிதான் பயன்படுத்துகிறோம். அறை விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து பார்ப்பேன். கறுப்புப் பின்னணியில் சிறுநீரக வடிகட்டியின் சுருள்கள் பச்சையில் கோடு போட்டதுபோல எழுந்து நிற்கும். அவ்வளவு அழகு. ஆனால் அந்த அழகு நிற்காது. ஒரே இடத்தில் விளக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், கண் முன்னாலேயே பச்சை மங்கி, சாம்பலாகி, போய்விடும். பார்த்தவுடன் படம் எடுத்து, ஸ்லைடை இருட்டுப் பெட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பழுப்பு ஸ்லைடை அலமாரியில் அடுக்கி வைத்து, பத்து வருடம் கழித்து எடுத்தாலும் அப்படியே இருக்கும். உங்கள் அம்மாவின் ஸ்லைடை நாளைக்கு வேறொரு டாக்டர் பார்க்க வேண்டும் என்றால் அது அவசியம்.

உங்கள் தம்பி காட்டிய பல வண்ணப் படங்கள் பொய்யல்ல. ஒரே சீவலில் ஆறேழு ஆன்டிபாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, கேமராவும் கணினியும் பிரித்துக் காட்டும் படங்கள் அவை. திசு மிகக் குறைவாக இருக்கும்போது அது பெரிய உதவி. கட்டிக்குள் எந்த வெள்ளையணு எந்தச் செல்லுக்கு அருகில் நிற்கிறது என்று ஆராய்பவர்களுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் கட்டிக்குக் கட்டி இயல்பாக ஒரு நிறம் கிடையாது. லிம்போமா பச்சை, கார்சினோமா சிவப்பு என்பதெல்லாம் சாயத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைத்த நிறம். படம் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும், எந்த ஆன்டிபாடியை வைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். அன்றாட வைத்திய முடிவுக்கு, அதாவது மார்பகப் புற்றில் ஹெர்-2 என்ற புரதம் இருக்கிறதா, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபிக்கு முன் பி.டி.எல்-1 என்ற புரதம் எவ்வளவு என்பது போன்றவற்றுக்கு, வெளிநாட்டிலும் பெரும்பாலும் பழுப்பைத்தான் பார்க்கிறார்கள். அம்மா எதையும் இழக்கவில்லை.

ஆபரேஷன் நடக்கும்போதே கட்டி மின்னும் வீடியோவும் உங்கள் தம்பி காட்டியிருக்கலாம். அது வேறு சங்கதி. 2021ல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுக்கு அனுமதி பெற்ற அப்படிப்பட்ட ஒரு மருந்து ஆன்டிபாடியே அல்ல, ஃபோலிக் அமிலத்தைப் போன்ற ஒரு பொருள். கட்டி எங்கே மிச்சம் இருக்கிறது என்று அறுவை மருத்துவருக்குக் காட்டும். அது என்ன கட்டி என்று சொல்லாது.

இப்போது ஃப்ளோ சைட்டோமெட்ரி. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இங்கே ஒளிரும் ஆன்டிபாடிக்கு நிகர் கிடையாது. நெறித் துண்டை மெல்லப் பிசைந்து செல்களைத் தனித்தனியாகத் திரவத்தில் பிரித்துவிடுவோம். எட்டு, பத்து ஆன்டிபாடிகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஒளிரும் சாயம். செல்கள் ஒற்றை வரிசையில் லேசர் கதிரைக் கடந்து ஓடும், நொடிக்கு ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு செல்லும் கடக்கும்போது என்னென்ன நிறத்தில் எவ்வளவு ஒளிர்ந்தது என்று கருவி குறித்துக்கொள்ளும். ஒரே செல்லில் எட்டு கேள்விக்கும் பதில். பழுப்பு முறையில் ஒரு சீவலுக்கு ஒரு கேள்விதான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லிம்போமாவில் இதனால் கிடைக்கும் ஒரு பதில் அருமையானது. பி-வகை வெள்ளையணு ஒவ்வொன்றும் தன் மேல் கப்பா, லாம்டா என்ற இரண்டு சங்கிலிப் புரதங்களில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்திருக்கும். சளியினாலோ பல் சீழினாலோ நெறி கட்டியிருந்தால் இரண்டு வகையும் கலந்திருக்கும், சுமாராக இரண்டு கப்பாவுக்கு ஒரு லாம்டா. புற்று என்பது ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம். அதில் எல்லாமே கப்பாவாக இருக்கும், அல்லது எல்லாமே லாம்டாவாக இருக்கும். பல வீட்டு விதை கலந்து விதைத்த வயலும் ஒற்றை நெல்மணியிலிருந்து பெருக்கிய வயலும் எப்படி வேறுபட்டுத் தெரியுமோ அப்படி. கருவியின் திரையில் இரண்டு திட்டாக இருக்க வேண்டிய புள்ளிகள் ஒரே திட்டாகக் குவிந்திருப்பதைப் பார்த்த நொடியில் விடை தெரியும், பெரும்பாலும் துண்டு வந்த அன்று மாலையோ மறுநாளோ.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. செல் உயிரோடு வர வேண்டும். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னி, திசுவை இறுக்கிவிடும். அதன்பின் செல்களைப் பிரிக்கவே முடியாது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு இளைஞரின் அக்குள் நெறி வந்தது. நல்ல பெரிய நெறி, முழுதும் ஃபார்மலின் பாட்டிலில் மூழ்கியபடி. எடுத்தவர் வழக்கப்படி பாட்டிலில் போட்டுவிட்டார், யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஸ்லைடில் சின்னச் சின்னச் செல்கள். புற்றா, வெறும் வீக்கமா என்ற எல்லைக்கோட்டில் நின்றது. ஐ.எச்.சி.யிலும் தெளிவு வரவில்லை. மறுபடி ஒரு நெறியை எடுக்க வேண்டியிருந்தது. கையில் தையலோடு அந்தப் பையன் திரும்ப வந்து ‘முதல் தடவையே சரியா எடுத்திருக்கக் கூடாதா சார்’ என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் நெறி ஆபரேஷன் என்று காதில் விழுந்தால், தியேட்டருக்கு நானே போன் செய்வேன். உங்கள் டாக்டர் கேட்கப்படாமலே இதைச் சொல்லியிருக்கிறார். நல்ல கையில் இருக்கிறீர்கள்.

ஃப்ளோ மட்டும் போதுமா என்றால், போதாது. பெரிய செல் லிம்போமாவில் செல்கள் எளிதில் உடைபவை. பிரிக்கும்போதே உடைந்து போய், கருவிக்கு நல்ல செல்கள் மட்டும் போய்ச் சேரலாம். ஹாட்ஜ்கின் என்ற வகை லிம்போமாவில் புற்றுச் செல்கள் மிகக் குறைவாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். வழக்கமான ஃப்ளோவில் அவை சிக்காது. ஆகவே ஃப்ளோ ஒன்றும் இல்லை என்று வந்தால் ‘புற்று இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மெழுகுப் பிளாக்கில் செய்யும் ஐ.எச்.சி. வரும்வரை காத்திருங்கள். அதில் சி.டி.20 என்ற மார்க்கரை, அதாவது அடையாளப் புரதத்தைப் பார்க்கும்போது, ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் பேனாவால் வளையம் வரைந்ததுபோலப் பழுப்புக் கோடு ஓடும். ரிட்டுக்ஸிமாப் போய் ஒட்டும் இடமும் அதே புரதம்தான். சோதனையில் வளையம் தெரிந்தால் மருந்துக்குப் போக இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே மார்க்கரை வைத்து யாரும் முடிவு செய்ய மாட்டார்கள். டாக்டர் எட்டு மார்க்கர் எழுதியிருந்தால், பணம் பிடுங்குகிறார்கள் என்று உறவினர் சொல்வதைக் கேட்காதீர்கள். மார்க்கர்கள் ஊர் விட்டு ஊர் போகும். எலும்பில் வரும் யூயிங் கட்டிக்கு அடையாளமான சி.டி.99, குழந்தைகளுக்கு வரும் ஒருவகை லிம்போமாவிலும் இருக்கும்; அந்த லிம்போமாவில் எல்.சி.ஏ. சில சமயம் காணாமல் போகும். இரண்டை மட்டும் பார்த்தால் தவறான பெயர்தான் வரும். இருப்பதை எண்ணுவதோடு இல்லாததையும் எண்ண வேண்டும். எல்.சி.ஏ. இருக்கிறது, கெரட்டின் இல்லை, எஸ்-100 இல்லை என்று மூன்றும் சேரும்போதுதான் நான் பேனாவை எடுப்பேன்.

ரிப்போர்ட்டில் கி-67 என்று ஒன்று வரும், பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும். பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் எவ்வளவு என்ற கணக்கு அது. ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடித்ததால் கி. சோதனைத் தட்டில் 67ஆம் குழியில் கிடைத்ததால் 67. எண்பது, தொண்ணூறு என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வேகமாகப் பெருகும் லிம்போமாக்கள் கீமோவுக்கு வேகமாகக் கரைவதும் உண்டு. அந்த எண்ணை வைத்துத் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது.

பெரிய செல் பி-வகை என்று வந்தால் ‘ஃபிஷ்’ என்று இன்னொரு சோதனை கேட்பார்கள். அதுவும் ஒளிரும், ஆனால் ஆன்டிபாடி அல்ல; நேராக டி.என்.ஏ.வில் போய் ஒட்டும் துண்டுகள். ஒரு மரபணுவின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. மரபணு முழுதாக இருந்தால் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும். உடைந்திருந்தால் சிவப்பும் பச்சையும் விலகி நிற்கும். அதைப் பார்த்துக் கீமோவின் தீவிரம் மாறலாம். மெழுகுப் பிளாக்கிலேயே செய்யலாம், இதற்காக மறுபடி கத்தி வேண்டாம்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நெறியை முழுதாக எடுப்பதால் லிம்போமா பரவாது. லிம்போமா முன்பே நிணநீரிலும் ரத்தத்திலும் சுற்றி வரும் செல்களின் நோய், அதனால்தான் மருந்தும் ரத்தத்தின் வழியே போகிறது. முழு நெறியைப் பார்த்தால்தான் அதன் அமைப்பு தெரியும். ஊசித் துண்டில் இருப்பது நூல் அளவு. ஒவ்வொரு மார்க்கருக்கும் ஒரு சீவல் போய்க்கொண்டே இருந்தால், ஐந்தாறு மார்க்கரில் புற்று இருந்த பகுதி தீர்ந்துபோகலாம். டாக்டர் முழு நெறி கேட்பதற்கு அதுவும் காரணம்.

ஒரு வாரம், பத்து நாள் காத்திருப்பதால் பெரும்பாலான லிம்போமாவில் குணமாகும் வாய்ப்பு மாறாது. ஆனால் மூச்சு வாங்கினாலோ, முகமும் கழுத்தும் வீங்கினாலோ, கால் மரத்து நடை தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளுக்கு நாள் கட்டி கண்ணுக்குத் தெரிந்து பெரிதானாலும் சொல்லுங்கள். அப்படிப்பட்டதை நாங்களும் வரிசையில் வைக்காமல் அன்றே பார்ப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. பயாப்ஸி முடியும்வரை அம்மாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுக்க விடாதீர்கள், வீக்கம் குறையும் என்று யார் சொன்னாலும். லிம்போமா செல்கள் ஸ்டீராய்டில் கரைந்து சுருங்கும். அதற்குப் பின் எடுத்த நெறியில் சிதைந்த செல்கள்தான் இருக்கும், பெயர் சொல்ல முடியாது. மூச்சுத்திணறல் போன்ற உயிருக்கு ஆபத்தான நிலையில் டாக்டரே கொடுத்தால் அது வேறு. ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால், பெயர் தெரியாத பொடி, மாத்திரை உட்பட, மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் நாளை வாரத்தின் முதல் பாதியில் கேளுங்கள். சனிக்கிழமை எடுத்த நெறி, ஞாயிற்றுக்கிழமை லேப் மூடியிருந்தால், திங்கள்கிழமைக்குள் அதன் செல்கள் செத்துவிடலாம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூரோ திருச்சியோ சென்னையோ, எங்கே போகிறது என்று முன்கூட்டியே கேட்டு, அன்றே, மிஞ்சிப்போனால் மறுநாளுக்குள் சேரும்படி பாருங்கள். அந்தத் துண்டை எந்தத் திரவத்தில் போட வேண்டும் என்று லேப் சொல்லும், அதற்கான குழாயும் அவர்களே தருவார்கள். நேராக ஐஸ் மேல் வைக்கக் கூடாது, உறைந்தால் செல் உடைந்துவிடும். மீதி நெறியைத் தாமதிக்காமல் ஃபார்மலினில் போட வேண்டும். தியேட்டருக்குள் போகும் முன் நர்ஸிடம் ‘ஒரு துண்டு ஃபார்மலின் இல்லாமல்’ என்று நீங்களும் ஒரு முறை நினைவுபடுத்துங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய ஊசித் துண்டின் பிளாக் லேபில் இருக்கும். புது நெறிக்காகக் காத்திருக்காமல் அதில் முதல் மூன்று நான்கு மார்க்கர்களை இப்போதே தொடங்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். திசு போதுமானதாக இருந்தால் நான்கைந்து நாள் மிச்சமாகும். ஐ.எச்.சி. செய்யும் லேப்பில் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோல் ஸ்லைடு, அதாவது சாயம் ஒட்டும் என்று முன்பே தெரிந்த திசு, வைக்கிறார்களா, லேப்களின் தரத்தைச் சோதிக்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. கன்ட்ரோல் ஒட்டாமல் அம்மாவின் ஸ்லைடு மட்டும் ‘நெகட்டிவ்’ என்றால் அதற்கு அர்த்தமே இல்லை.

அப்புறம், மும்பை. இரண்டாவது கருத்து வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள், என்னைக் கேட்டால் வாங்குவது நல்லது. ஆனால் போக வேண்டியது அம்மா அல்ல, பிளாக். மும்பை டாட்டா மெமோரியல், வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள். எழுதிக் கேட்டால் உங்கள் ஊர் லேப் அவற்றைக் கொடுக்கும். ரிப்போர்ட்டின் நகல், பிளாக் எண், எந்த இடத்து நெறி என்ற விவரம், ஏற்கெனவே செய்த மார்க்கர்களின் பட்டியல் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். பிளாக் மெழுகுதான், வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டால் இளகிவிடும், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் ஓரத்தில் அந்தக் கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. ‘கட்டி என்ன வகை என்று தெரிய இன்னொரு சோதனை, தெரிந்த பிறகு மருந்து’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். இப்போதைக்கு டாக்டருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

ஐ.எச்.சி., ஃப்ளோ இரண்டு ரிப்போர்ட்டும் கைக்கு வந்ததும், இரண்டும் ஒரே பெயரைச் சொல்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேறு வேறாகச் சொன்னால், இரண்டு லேப் மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசும்வரை கீமோவுக்குத் தேதி வாங்காதீர்கள். ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்புங்கள், வரிக்கு வரி பொருள் சொல்கிறேன்.